ஆறாவது இணைப்பு

வீட்டு வைஃபையில் சேர்கிற கருவிகள் மொத்தம் ஐந்து. அவளுடைய போன், கணவனுடைய போன், அவனுடைய பழைய லேப்டாப், கூடத்து டிவி, மகளின் டேப்லெட். பட்டியலில் ஆறு இருந்தன.

முதலில் அதைத் தன் தப்பென்றுதான் எடுத்துக்கொண்டாள். காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் தேநீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள், கண் இன்னும் சரியாகத் திறக்கவில்லை, ஏதோ ஒன்றை இரண்டு தடவை எண்ணியிருப்போம் என்று நினைத்து மறுபடி மேலிருந்து எண்ணினாள். ஆறு. கடைசி வரிசையில் பெயரே இல்லாமல் ஒரு கருவி. திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் காலை பதினொன்று நாற்பதுக்கு வந்திருந்தது, மதியம் இரண்டு பத்துக்குப் போயிருந்தது. ஒரு நிமிடம் முன்னே பின்னே இல்லை.

பதினொன்று நாற்பதுக்கு அவள் அலுவலகத்தில் இருப்பாள். கணவன் தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருப்பான். மகள் பள்ளிக்கூடத்தில். வீடு பூட்டியிருக்கும்.

வீட்டுக் கணக்கு அலுவலகத்துக்கு வந்த கதை இது. அவள் வேலை பார்த்தது வீடுகளுக்கு இணையம் கொடுக்கும் ஒரு கம்பெனியில். போன வருஷம் ஒரு பகுதியில் கரண்ட் போய்த் திரும்பியபோது, ஆயிரக்கணக்கான வீடுகளின் மோடம்கள் ஒரே நொடியில் விழித்துக்கொண்டு, என்னை உள்ளே விடு என்று, இணையத்துக்குள் விடும் வாசலான கம்பெனியின் கேட்வேயை மொய்க்க, அது திணறிப் படுத்துவிட்டது. எழுப்ப ஒரு முழுப் பகல் ஆயிற்று. இப்போது புது கேட்வே வாங்கியிருந்தார்கள். அதை மாட்டுவதற்கு முன் தாங்குமா என்று சோதிக்க வேண்டும். நிஜ ஜனங்களை வைத்துச் சோதிக்க முடியாது. அதனால் பொய் வீடுகள் வேண்டும், அதைக் கட்டும் வேலை அவள் தலையில் விழுந்தது.

மூன்றாவது மாடியின் கோடியில், ஜன்னல் இல்லாத அறையில், குளிர்சாதனத்தின் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெரிய சர்வர். அதற்குள்தான் அவள் ஊரைக் கட்டினாள். கன்டெய்னர் என்று சொல்வார்கள். ஒரே கம்ப்யூட்டருக்குள் சுவர் எழுப்பிப் பிரித்த சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்றே நம்பிக்கொண்டிருக்கும், பக்கத்து அறை இருப்பதே அதற்குத் தெரியாது. ஒவ்வோர் அறையையும் அவள் ஒரு வீடாக்கினாள். வீட்டுக்கொரு சந்தாதாரர் பெயர், ஒரு கடவுச்சொல், ஒரு மோடம். முந்நூறு வீடுகள்.

மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, வீடெல்லாம் பொம்மை மாதிரி இருக்கிறது, நிஜ மனிதர்கள் புழங்குகிற மாதிரி இல்லையே என்றார். அதற்காகத்தான் தன் வீட்டு ரூட்டரோடு ஒரு சின்னப் பதிவுக் கருவியைக் கோத்து ஐந்து நாள் விட்டுவைத்தாள். யார் என்ன பார்த்தார்கள் என்பது அதில் பதியாது. எந்தக் கருவி எப்போது வந்தது, எவ்வளவு டேட்டா இழுத்தது, சிக்னல் எவ்வளவு, கருவிகள் தங்களுக்குள் என்ன கேட்டுக்கொண்டன, அவ்வளவுதான்.

"ஊர்ல வேற வீடே கிடைக்கலையா உனக்கு? நம்ம வண்டவாளமெல்லாம் உங்க ஆபீஸ்ல ஓடணுமா?" என்று கணவன் சிரித்தான். அன்றைக்கு அவளும் சிரித்தாள்.

இப்போது அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்த்தாள். வண்டவாளம் என்று அவன் சொன்னது எதை?

அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஆறாவது வரிசையை அழித்துவிட்டு, மீதி ஐந்தை வைத்து மாதிரி வீட்டைச் செய்து, அதை முந்நூறாகப் பெருக்கி ஓடவிட்டாள். முந்நூறு வீடு, வீட்டுக்கு ஐந்து, ஆயிரத்தைந்நூறு கருவிகள். திரையில் எண்ணிக்கை சரியாக ஆயிரத்தைந்நூறில் நின்றது.

பதினொன்று நாற்பதுக்கு அது ஆயிரத்தெண்ணூறு ஆனது.

பக்கத்து மேசையில் இருந்தவனை எல்லோரும் கேபிள் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எப்போதும் ஒரு நீலக் கேபிள் மாலை மாதிரி தொங்கும், சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டான். அந்த ஜன்னலில்லாத லேபுக்குள் வேலை செய்தது அவர்கள் இரண்டு பேர்தான். அவன் எட்டிப் பார்த்து, "அக்கா, வீட்டுக்கு ஒரு ஆள் அதிகமா வந்திருக்கே, யாரது?" என்றான்.

அவள் காதெல்லாம் சூடாகிவிட்டது. பழைய பட்டியலை யாரோ உள்ளே போட்டிருக்கிறார்கள். இந்த அறையில் அவளையும் இவனையும் தவிர யார்? அவனுக்கு எவ்வளவு தெரியும்? பட்டியலைப் பார்த்து வீட்டு விஷயத்தை ஊகித்துவிட்டு வேண்டுமென்றே கேட்கிறானா? அவள் குரலைத் தாழ்த்தி, ஆனால் வெடுக்கென்று, தன் பைலைத் தொட்டாயா என்று கேட்டாள். தொடவில்லை என்றான். அவள் நம்பாத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"நான் தொட்டா சொல்லிட்டுத்தான் தொடுவேன் அக்கா. உங்களுக்கே தெரியும்."

அவன் எழுந்து போய்விட்டான். மேசையில் அவனுடைய தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை வந்ததும் சர்வரின் கடவுச்சொல்லை அவளையே மாற்றச் சொல்லிவிட்டுத் தன் லேப் சாவியையும் அவளிடம் கொடுத்தான். அவள் எல்லாவற்றையும் துடைத்து, முந்நூறு வீட்டையும் ஒன்று விடாமல் இடித்து, மறுபடி கட்டினாள். இருவரும் கைகட்டி உட்கார்ந்து திரையைப் பார்த்தார்கள். பதினொன்று முப்பத்தொன்பது வரை ஆயிரத்தைந்நூறு. பிறகு ஆயிரத்தெண்ணூறு.

கேபிள் அவளைப் பார்த்தான். அவள் மன்னிப்புக் கேட்க நினைத்தாள். ஆனால் அவள் மனம் அப்போது அங்கே இல்லை. பூட்டிய வீட்டில், அவள் துவைத்து விரித்த படுக்கையில், யார்?

சந்தேகம் வந்துவிட்டால் கண் கூர்மையாகிவிடுகிறது. அந்த வாரம் வீட்டில் ஒவ்வொன்றாக அகப்பட்டது. அவள் சாயங்காலம் வரும்போது குளியலறைத் தரை லேசாக ஈரமாக இருந்தது. சீப்பில் ஈரம் இருந்தது. அலமாரியில் அவளுடைய பச்சைச் சுடிதார் அவள் மடிக்கிற விதத்தில் மடிந்திருக்கவில்லை. மடித்தவள் அவளைப் போலவே மடிக்க முயன்று கையை மாற்றி மடித்திருந்தாள். முகக் கிரீமின் மூடி கோணலாகத் திருகியிருந்தது. அவளது வீட்டுச் செருப்பு, எப்போதும் வாசலைப் பார்த்துக் கிடப்பது, உள்ளே பார்த்துக் கிடந்தது. வேறொருத்தி தன் துணியை உடுத்தி, தன் சீப்பால் தலைவாரி, தன் செருப்பில் கால் நுழைத்து இந்த வீட்டுக்குள் நடந்திருக்கிறாள் என்று நினைத்தபோது, அழுகைக்கு முன்னால் அருவருப்புத்தான் வந்தது.

"மத்தியானம் எங்க சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"கடையிலதான். ஏன்?"

"சும்மாதான்."

அவன் சோற்றைப் பிசைந்தபடி அவளை ஒரு கணம் பார்த்தான். அந்த ஒரு கணத்தை அவள் இரவு முழுதும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மாடிப்படியில் மேல்வீட்டுக்காரி எதிர்ப்பட்டாள். நல்ல பெண்மணி, வம்புக்கு வராதவள். "இப்பல்லாம் மத்தியானம் வீட்லயே இருக்கீங்க போல? குரல் கேட்டுச்சு" என்றாள்.

என்ன குரல் என்று அவள் கேட்டாள், சாதாரணமாகக் கேட்பது போல.

"பேசிட்டிருந்தீங்களே. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப. போன்ல மனப்பாடம் பண்றீங்களோன்னு நெனச்சேன்."

பாவம், நேரடியாகச் சொல்ல மனமில்லாமல் இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு அவள் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

சனிக்கிழமை கணவன் கடைக்குப் போகவில்லை, அவளுக்கும் விடுமுறை. வீடு துடைக்கிறேன் என்ற சாக்கில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தாள். ரூட்டர் கூடத்து அலமாரியில் இருந்தது. அதன் பக்கத்தில் நின்றால் சிக்னல் நூற்றுக்குத் தொண்ணூறு. படுக்கையறையில் எழுபது. சமையலறையில் ஐம்பத்தைந்து. பின்வாசல் படியில் முப்பது. காம்பவுண்டு சுவர் ஓரம், தண்ணீர்த்தொட்டி அருகே, பத்து. எல்லாவற்றையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டாள். பதினொன்று நாற்பதுக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. இரண்டு பத்து வரை வரவில்லை. கணவன் சோபாவில் படுத்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான், மகள் அவன் வயிற்றில் தலை வைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் இருக்கும்போது அவள் வருவாளா என்று அவன் முகத்தைப் பார்த்தபடி நினைத்தாள். இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை என்று தோன்றியது.

ஆனாலும் அவள் தொழில் தெரிந்தவள். கையில் பதிவு இருக்கும்போது அதை முழுதாகப் படிக்காமல் சண்டைக்குப் போக மனம் ஒப்பவில்லை. திங்கட்கிழமை லேபில் உட்கார்ந்து, அந்த ஆறாவது கருவி என்னதான் செய்தது என்று வரி வரியாகப் பார்த்தாள்.

அது ஒன்றுமே பார்க்கவில்லை. இரண்டரை மணி நேரத்தில் ஒரு பாட்டில்லை, ஒரு படமில்லை, வெளியுலகத்துக்கு ஒரு எழுத்துக்கூடப் போகவில்லை. வீட்டுக்குள் மட்டும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லா வீட்டுக் கருவிகளும் கேட்கிற கேள்விதான். ஒன்று இன்னொன்றைத் தேடும்போது எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, இந்த எண் யாரிடம் இருக்கிறது என்று கேட்கும். அந்த எண்ணுக்குரியது என்னிடம் என்று பதில் சொல்லும். ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. இது நொடிக்கொரு தடவை கேட்டிருந்தது. இரண்டரை மணி நேரம், ஐந்து நாளும், ஒரே எண்ணை.

அந்த எண் கணவனுடைய போன் இல்லை. டிவி இல்லை. அது அவளுடைய போன்.

அவள் தினமும் அந்த நேரத்தில் வீட்டில் இல்லை. அதனால் பதில் போகவில்லை.

"இங்கயும் அதேதான் அக்கா," என்றான் கேபிள். எப்போது பின்னால் வந்து நின்றான் என்று தெரியவில்லை. "முந்நூறு வீட்லயும் கேக்குது. உங்க போன் மாதிரி வச்ச கருவி அந்த நேரத்துல அணைஞ்சிருக்கு, அதனால பதில் சொல்ல ஆள் இல்ல. கேட்டுக்கிட்டே இருக்கு."

ஒரு கள்ளக் காதலிக்கு இவளுடைய போன் எதற்கு? கணவன்தான் தன்னை வேவு பார்க்க எதையோ வாங்கி வைத்திருக்கிறான் என்று நினைத்துப் பார்த்தாள். அப்படி நினைக்க ரொம்பப் பிரயாசைப்பட்டாள். பிறகு சிக்னல் அளவுகளை எடுத்து ஐந்து நாளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாள். வைத்திருக்கக் கூடாது.

திங்கள் ஒன்பது. செவ்வாய் பதினான்கு. புதன் இருபது. வியாழன் இருபத்தாறு. வெள்ளி முப்பது.

பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்தாள். தண்ணீர்த்தொட்டி, பத்து. பின்வாசல் படி, முப்பது. ஒவ்வொரு நாளும் இரண்டரை மணி நேரம் ஓரிடத்தில் அசையாமல் நின்று கேட்டுவிட்டு, மறுநாள் நாலடி முன்னே வந்து நின்று கேட்டிருக்கிறது. பதிவு முடிந்தது போன வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அதற்குப் பிறகு ஆறு வேலை நாட்கள் போயிருந்தன.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, அரை நாள் விடுப்புச் சொன்னாள். பதினொன்றுக்கு வீட்டுக்கு வந்தாள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ வண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். பூட்டைத் திறக்கும்போது கைப்பிடி சூடாக இருந்தது. இந்த வெளிச்சத்தில் என்ன பயம் என்று தன்னையே கடிந்துகொண்டாள். கடைத் தொலைபேசிக்கு அடித்தாள். கணவன் எடுத்தான். பின்னால் யாரோ எழுத்துகளை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கிற சத்தம் கேட்டது. கண் பரிசோதனை நடக்கிறது.

"என்னம்மா, சொல்லு."

"ஒண்ணுமில்ல. கடையிலதான இருக்கீங்க?"

"வேற எங்க இருப்பேன்? உனக்கு என்ன ஆச்சு ஒரு வாரமா? சாயங்காலம் உக்காந்து பேசலாம், சரியா?"

அவன் குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது, அக்கறை இருந்தது. போனை வைத்தபோது, இத்தனை நாள் இவனைச் சந்தேகித்தோமே என்ற வெட்கம் ஒரு பக்கம் இருக்க, அந்தச் சந்தேகமே நிஜமாக இருந்திருக்கக் கூடாதா என்றொரு ஆசையும் வந்தது. வேறொருத்தி என்றால் அது மனித விஷயம். கதவைத் திறந்து கத்தலாம்.

கூடத்தில், ரூட்டருக்கு அருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மடியில் கணவனின் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டாள். முதுகுப் பக்கம் படுக்கையறைக் கதவு. பகலில் ஆளில்லாத தன் வீட்டை அவள் இதற்கு முன் கேட்டதே இல்லை. பிரிட்ஜ் இழுத்து மூச்சுவிட்டு ஓய்ந்தது. குளியலறைக் குழாயிலிருந்து சொட்டு விழுகிற சத்தம், அடுத்த சொட்டுக்காகக் காது காத்திருக்கும் இடைவெளி, மறுபடி சொட்டு. திரைச்சீலையின் நிழல் தரையில் நீண்டு சுருங்கியது. அவளுடைய சோப்பின் வாசனை எங்கிருந்தோ வந்தது, இப்போதுதான் யாரோ குளித்துவிட்டு வந்த மாதிரி ஈரத்தோடும் சூட்டோடும் வந்தது. அவள் காலையில் குளித்து ஐந்து மணி நேரமாகியிருந்தது.

பதினொன்று நாற்பது.

பட்டியலில் ஆறாவது வரிசை வந்து உட்கார்ந்தது. சிக்னல் எழுபத்தொன்று.

தாளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. படுக்கையறை எழுபது.

அவள் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. திரையில் அந்தக் கேள்வி வந்தது. இந்த எண் யாரிடம்? அவளுக்குச் சட்டென்று உறைத்தது. தன் போன் பையில் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததுமே அது வழக்கம் போல வைஃபையில் சேர்ந்திருக்கும். அதை அணைக்க வேண்டும், இப்போதே அணைக்க வேண்டும் என்று கை பையை நோக்கிப் போவதற்குள், கேள்விக்குக் கீழே அடுத்த வரி வந்துவிட்டது. அவளை யாரும் கேட்கவில்லை. போன்களுக்கு யாரைக் கேட்டும் பழக்கமில்லை.

என்னிடம்.

கேள்வி நின்றது.

ஒரு நொடி. இரண்டு நொடி. பத்து நொடி. பன்னிரண்டு நாளாக நிற்காத கேள்வி நின்றுவிட்டது. பிரிட்ஜும் ஓய்ந்திருந்தது. அப்போது பைக்குள் போன் அடித்தது, அவள் எடுத்துக் காதில் வைத்தாள். கேபிள்.

"அக்கா, எங்க இருக்கீங்க? இங்க முந்நூறு வீட்லயும் அது கேக்கறத நிறுத்திடுச்சு. ஒரே நொடியில. பதில் கெடைச்ச மாதிரி."

அவள் கண் திரையிலேயே இருந்தது.

"அக்கா? நீங்க வீட்லயா இருக்கீங்க?"

எழுபத்தாறு.

ரூட்டரின் ஒயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் கையோடு வந்தது. பச்சை விளக்குகள் அணைந்தன. திரையில் பட்டியல் அப்படியே இருந்தது. மற்ற ஐந்து வரிசையும் சாம்பல் நிறமாக இருக்க, ஆறாவது மட்டும் உயிரோடு இருந்தது.

எண்பது.

பின்னால் செருப்புச் சத்தம். அவளுடைய வீட்டுச் செருப்பு. இடது கால் கொஞ்சம் இழுத்து வைக்கிற சத்தம், அவள் நடக்கிற சத்தம்.

எண்பத்தைந்து.

சோப்பு வாசனை. மிக அருகில். காதுக்கருகே யாரோ மெதுவாகப் பேசிப் பழகுகிற குரல். "என்னம்மா, சொல்லு. ஒண்ணுமில்ல. சும்மாதான். ஒண்ணுமில்ல. சும்மாதான்."

அவள் ஓடினாள்.

லேப்டாப் விழுந்தது, போன் விழுந்தது, வாசற்படியில் முழங்கால் இடித்தது. எழுந்தாள். வெயில். வண்டி கழுவுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் வெறுங்காலோடு தெருமுனை வரை ஓடி, மூச்சிரைக்க நின்று, திரும்பிப் பார்த்தாள். கதவு அவள் திறந்து போட்டபடியே இருந்தது. யாரும் வெளியே வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவு உள்ளிருந்து மெதுவாக, பக்குவமாக, வெயில் உள்ளே வராமல் ஓர் இல்லத்தரசி சாத்துவது போலச் சாத்திக்கொண்டது.

கணவனுடைய கடை நடந்தால் அரை மணி. அவள் தப்பான பேருந்தில் ஏறி, பாதியில் இறங்கி, சுடுகிற தரையில் கால் மாற்றி மாற்றி நடந்து, கடையை அடைந்தபோது ஒன்றரை மணி ஆகியிருந்தது. அவனிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்திருந்தாள். எதுவும் சொல்ல வேண்டாம், அவன் தோளில் சாய்ந்து நின்றால் போதும் என்று முடிவு செய்திருந்தாள்.

ஷட்டர் இறங்கியிருந்தது.

பக்கத்துக் கடைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவளை அவருக்குப் பல வருஷமாகத் தெரியும். ஆனாலும் யார் என்று யோசிக்கிற மாதிரி இருந்தது அவர் பார்வை. கண்ணாடிக் கடைக்காரர் எங்கே என்று அவள் கேட்டாள்.

"அவர் அப்பவே கெளம்பிட்டாரும்மா. வீட்லேர்ந்து அவரு வீட்டம்மா போன் பண்ணாங்களாம். பாப்பாவையும் ஸ்கூல்லேர்ந்து கூட்டிக்கிட்டு சீக்கிரம் வந்துடுங்க, எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்னு."

அவள் அவருடைய போனைக் கேட்டு வாங்கினாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாம் தடவை, வீட்டில் விழுந்து கிடந்த தன் போனின் எண்ணையே அழுத்தினாள். மணி மூன்று முறை அடித்தது. எடுத்தார்கள்.

"ஹலோ," என்றது அவளுடைய குரல். அலுவலகத்தில் தெரியாத எண்ணிலிருந்து வந்தால் அவள் பேசுகிற அதே மரியாதைக் குரல். பின்னணியில் மகள் எதற்கோ கலகலவென்று சிரித்தாள். "யாரு பேசறீங்க?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"யாருங்க?" என்று குரல் மறுபடி கேட்டது. அதில் பதற்றம் இல்லை. பொறுமை இருந்தது. எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும், எத்தனை நாள் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய பொறுமை.

வீட்டுக்குத் திரும்ப எவ்வளவு நேரமாயிற்று, எப்படி வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. வெயில் சாய்ந்து, தெருவில் நிழல் பாதி வரை வந்திருந்தது. கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. கூடத்து ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

எல்லாம் ஒழுங்காக இருந்தது. விழுந்த லேப்டாப்பை யாரோ எடுத்து மூடி வைத்திருந்தார்கள். ரூட்டரில் பச்சை விளக்குகள் எரிந்தன. மகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நாற்காலியில், ஜன்னலுக்கு முதுகு காட்டி, பச்சைச் சுடிதார் போட்ட ஒருத்தி குழந்தையின் தலைக்கு வகிடெடுத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். நிதானமான, பழகிய கை. கணவன் சமையலறையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டு வந்து அவளிடம் கொடுத்து, அவள் தோளில் கை வைத்து ஏதோ சொன்னான். ஒரு வாரமாக அவன் முகத்தில் இல்லாத நிம்மதி இருந்தது.

அவள் கம்பியை உலுக்கினாள்.

கணவன் நிமிர்ந்தான். ஜன்னல் அருகே வந்து அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். அந்தக் கண்ணில் கோபமில்லை, குற்றமில்லை, மறைக்கிறவனின் தடுமாற்றம் துளியுமில்லை.

"யாரும்மா நீங்க? யாரு வேணும் உங்களுக்கு?"

அவள் மகளைப் பார்த்தாள். மகள் அவளைப் பார்த்தாள். தெரியாத பொம்பளை ஒருத்தி, வெறுங்காலும் விரிந்த தலையுமாக ஜன்னலில் நிற்பதைப் பார்த்து, குழந்தையின் உதடு பிதுங்கியது. அது அழுதுகொண்டே பின்னால் நகர்ந்து பச்சைச் சுடிதாரின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

நாற்காலியில் இருந்தவள் திரும்பவில்லை. ஒரு கையால் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மற்றொரு கை தோளிலிருந்து பின்பக்கமாக, முழங்கை எந்தப் பக்கம் மடங்கக் கூடாதோ அந்தப் பக்கமாக மடங்கி, நீண்டு, கூடத்தின் முழு அகலத்தையும் தாண்டி ஜன்னலுக்கு வந்து, விரல்களால் தடவிப் பார்த்துத் திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்தது. கணவன் அதற்கு இடம் விட்டு, இயல்பாக, ஓரமாக விலகி நின்றான்.